சென்னை மழையைத் தாங்கும் தொட்டிக்கலவை: நீர் தேங்காத பொருள்களை உள்ளூரில் எங்கே தேடுவது?

வேளச்சேரி மாடி — ஆகஸ்ட் 9

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு ஆண்டுகளாகப் பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் வளர்த்து வருகிறேன். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில், இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, 34 தொட்டிகளில் 11 தொட்டிச் செடிகள் அழுகிப்போயின. மழை விட்ட நான்காம் நாள் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கியபோதுகூட எனக்குப் புரியவில்லை. பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது, கனிந்து குழைந்த சப்போட்டாவைத் தொட்டதுபோல விரல் உள்ளே இறங்கியது. கத்தியால் நறுக்கினால் உள்ளே முழுவதும் பழுப்பு, புளித்த வாடை. அவற்றுள் இரண்டு, விதையிலிருந்து நானே முளைக்க வைத்த செடிகள்.

நான் பயன்படுத்தியது எல்லோரும் சொல்லும் வழக்கமான கலவைதான்: செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமபங்கு. தண்ணீர் வடியட்டும் என்று ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் இரண்டு விரல் உயரத்துக்குக் கருங்கல் ஜல்லியும் போட்டிருந்தேன். வெளிநாட்டினர் தரும் குறிப்புகளைப் படித்தால் பியூமிஸ் என்னும் எரிமலை நுரைக்கல், சுட்ட களிமண் துகள், பைன் மரப்பட்டை என்று வருகிறது. அவற்றில் எதுவும் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. பெர்லைட் என்னும் எடையற்ற வெள்ளைத் துகள் கிடைக்கிறது, ஆனால் 34 தொட்டிகளுக்கு அதை வாங்கிக் கட்டுப்படியாகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. அதற்குள் எல்லாத் தொட்டிகளையும் மாற்றிவிட வேண்டும் என்று இருக்கிறேன். சென்னையிலோ சுற்றுவட்டாரத்திலோ கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, நீர் உடனே வடியும் கலவையைச் செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பல்லாவரம் கட்டடக்காரர் — ஆகஸ்ட் 9

அம்மா, நான் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது என் நேரமெல்லாம் கள்ளிச் செடிகளோடுதான் போகிறது. உங்களுக்குத் தேவையான பொருள்களில் பெரும்பாலானவை விதைக்கடையில் இல்லை, கட்டுமானப் பொருள் விற்கும் கடையில் இருக்கின்றன. எதை வாங்குவது என்பதற்கு முன்னால், அந்த அடிஜல்லியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் செடிகள் அழுகியதில் அதற்கும் பங்கு உண்டு.

துவைத்த வேட்டியைப் பிழியாமல் கொடியில் போட்டுப் பாருங்கள். சொட்டுவது நின்ற பிறகும், மேல்பகுதி உலர்ந்த பிறகும், கீழ்க்கரையில் ஒரு பட்டை நெடுநேரம் சொதசொதவென்று இருக்கும். தொட்டி மண்ணிலும் இதேதான் நடக்கிறது. வடிய வேண்டிய நீர் எல்லாம் வடிந்த பின்னரும், நுண்துளைகளின் பிடிப்பால், அடியில் ஒரு நீர்ப்பட்டை நின்றுவிடுகிறது. அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது தொட்டியின் அளவு அல்ல, மண்துகளின் அளவு. துகள் பொடியாக இருந்தால் பட்டை உயரமாக நிற்கும். துகள் பருமனாக இருந்தால் ஏறக்குறைய இல்லாமலே போகும். அடியில் ஜல்லி போட்டால், மேலே உள்ள பொடிமண் தன் பிடியிலுள்ள நீரை ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் விடுவதில்லை. ஆகவே நீர்ப்பட்டை அழிவதில்லை. ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் நெருக்கமாக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அடீனியத்தை நாம் அழகுக்காக ஆழமில்லாத தட்டுத் தொட்டிகளில் வேறு வைக்கிறோம். நான்கு அங்குல ஆழமே உள்ள தட்டில் இரண்டு அங்குலம் ஈரப்பட்டை என்றால், மீதி வேருக்கு என்ன இருக்கிறது?

எனவே பொருள் எதுவானாலும் துகள் 3 மில்லிமீட்டருக்கும் 6 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டருக்குக் கீழ்ப்பட்ட பொடியைச் சலித்து நீக்கியே ஆக வேண்டும். பலர் தங்கள் பழைய மண்ணில் கால் பங்கு ஜல்லியையோ பெர்லைட்டையோ கலந்துவிட்டு, வடிகால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒரு படி கொண்டைக்கடலையில் ஓர் உழக்கு ரவையைக் கொட்டிக் குலுக்குங்கள். படி ஏறக்குறைய அதே படியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ரவை முழுவதும் கடலைகளுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தில் புகுந்துவிடும். அந்த வெற்றிடம்தான் வேர் மூச்சுவிடும் இடம். பருமனான துகள் பெரும்பான்மையாகவும், பொடி மிகச் சிறுபான்மையாகவும் இருந்தால் மட்டுமே காற்று தங்கும்.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். முதலாவது, செங்கல் ஜல்லி. மாடியில் தட்டோடு பதிப்பதற்கு முன் சுண்ணாம்போடு சேர்த்துப் போடுவார்களே, அதே உடைத்த செங்கல்தான். நல்ல செங்கல் 24 மணி நேரம் நீரில் கிடந்தால் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சலாம் என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டின் வரம்பு. மூன்று கிலோக் கல் என்றால் அறுநூறு மில்லி வரை! நீரைத் துகளுக்குள்ளே வைத்துக்கொண்டு, துகள்களுக்கு இடையில் காற்றை விட்டுவைக்கும் இந்தக் குணத்துக்காகத்தான் வெளிநாட்டினர் சுட்ட களிமண் துகளையும் பியூமிஸையும் தேடுகிறார்கள். இரண்டாவது, எம்-சாண்டு, அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல். கட்டுமான மணல் என்பது 4.75 மில்லிமீட்டருக்கு உட்பட்ட எல்லாத் துகளும் சேர்ந்தது. நுண்தூளும் அதில் கணிசமாக இருக்கும். ஒரு மூட்டை வாங்கிச் சலித்தால், பயன்படும் பருமணல் பாதிகூடத் தேறாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது இன்னும் பொடி. மூன்றாவது, கால் அங்குல ஜல்லி. இது நீரை உறிஞ்சாது, எடை கூடுதல். ஆகவே அளவோடு போடுங்கள்.

மன்னார்குடி நெல் — ஆகஸ்ட் 10

அக்கா, எங்கள் பக்கம் செங்கல் ஜல்லியைவிட எளிதாகக் கிடைப்பது உமி. ஆனால் எந்த உமி என்பதைக் கேட்டு வாங்குங்கள். புழுங்கல் அரிசி அரைக்கும் ஆலையின் உமிதான் தொட்டிக்கு ஏற்றது. நெல்லை அவித்த பிறகு அரைப்பதால், உமியோடு கலந்து வரும் நெல்மணியும் களைவிதையும் முளைக்கும் திறனை இழந்திருக்கும். பச்சரிசி ஆலையின் உமியைப் போட்டால் தொட்டியில் நாற்றங்கால் எழும்பிவிடும்; நான் ஒருமுறை போட்டுவிட்டு மாதக்கணக்கில் நெற்பயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

கரித்த உமி இன்னும் நல்லது. அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஆலைக் கொதிகலனிலிருந்து வெளியே கொட்டும் குவியலில் கறுப்பும் இருக்கும், வெள்ளைச் சாம்பலும் இருக்கும். உமி முழுதாக எரிந்து சாம்பலானால் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் சிலிக்காத் தூள். அது துளைகளை அடைத்துவிடும், காரத்தன்மையும் உடையது. உமியின் உருவம் மாறாமல் படகுபோலக் குழிந்து கறுப்பாக இருப்பதை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று தண்ணீர் ஊற்றி அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். வீட்டில் செய்வதானால், துளையிட்ட தகரக் குழாயைச் சுற்றி உமியைக் குவித்து, குழாய்க்குள் விறகுத் தீ மூட்டி, மேலே கறுத்து வர வர உமியைத் தள்ளிக்கொடுத்து, முழுவதும் கறுத்தவுடன் நீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் சாம்பல்தான். மாடியில் இதைச் செய்யாதீர்கள்; அரை நாள் புகையும்.

மதுரை மண்தொட்டி — ஆகஸ்ட் 10

எல்லோரையும் மதித்தே சொல்கிறேன்: இவ்வளவு சிரமம் தேவையா? நான் 20 ஆண்டுகளாக அடீனியம் வளர்க்கிறேன். செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டு பங்கு, மக்கிய ஆட்டெரு ஒரு பங்கு. இத்தனை ஆண்டுகளில் அழுகிப்போனவை என்று பார்த்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். கடையில் விற்கும் தென்னைநார்க் கழிவு வந்த பிறகுதான் எல்லோர் வீட்டுச் செடிகளும் அழுகத் தொடங்கின என்பது என் எண்ணம். பழைய முறையை விட்டுவிட்டுப் புதியதைத் தேட வேண்டியதில்லை.

பல்லாவரம் கட்டடக்காரர் — ஆகஸ்ட் 11

மதுரை ஐயாவின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அது ஏன் அங்கே பலிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அவருடைய கலவையில் பாதி, பருமனான ஆற்று மணல். அவருடைய பெயரே சொல்வதுபோல், தொட்டி மண் தொட்டி. அதன் சுவர் வழியாகவே நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும். மதுரைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை, சென்னைக்குக் கிடைப்பதைவிட மிகவும் குறைவு. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்ட மழையில், வேளச்சேரி மாடியின் பிளாஸ்டிக் தொட்டியும் மதுரையின் மண் தொட்டியும் ஒன்றாக நடந்துகொள்ள முடியாது.

இன்னொன்றையும் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். ஆற்று மணலை இனி நாம் பரிந்துரைக்கக் கூடாது. பாலாற்றிலும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை எவ்வளவு இறங்கிவிட்டது என்பதைப் பாலத் தூண்களின் அடியைப் பார்த்தாலே தெரியும். பூந்தொட்டிக்காக அதில் ஒரு கூடைகூட எடுக்க என் மனம் ஒப்பவில்லை. உடைகல் மணலைச் சலித்தால் அதே வேலையைச் செய்கிறது. கடல் மணலோ உப்பு நிறைந்தது. கடற்கரை பக்கத்தில் இருக்கிறதே என்று யாரும் அள்ளி வந்துவிடாதீர்கள்.

மதுரை மண்தொட்டி — ஆகஸ்ட் 11

மண் தொட்டியைப் பற்றிச் சொன்னது சரிதான். என் மகள் தாம்பரத்தில் இருக்கிறாள். நான் கொடுத்தனுப்பிய செடி, அதே கலவையில், பிளாஸ்டிக் தொட்டியில் ஓர் ஐப்பசி மாதத்தில் போய்விட்டது. அவள் தண்ணீர் ஊற்றத் தெரியாமல் ஊற்றிவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லவும் சொன்னேன். ஆற்று மணல் பற்றிய உங்கள் கருத்தையும் ஏற்கிறேன். நான் வைத்திருப்பது பழைய மணல். அதையே கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிறேன்.

பொள்ளாச்சி நார் — ஆகஸ்ட் 12

தென்னைநார்க் கழிவின் மேல் பழி விழுந்திருப்பதால் எழுதுகிறேன். நான் வேலை செய்வது நார்த் தொழிற்கூடத்தில். நார்க்கழிவு தன் எடையைப்போல எட்டு மடங்குக்குக் குறையாத நீரைப் பிடித்து வைக்கும். நாற்று வளர்ப்பவருக்கு அது வரம், அடீனியத்துக்கு அதுவே கேடு. குற்றம் பொருளிடம் இல்லை, அதைப் போட்ட அளவில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது பொடி அல்ல, மட்டைத் துண்டு. உரித்த தேங்காய் மட்டையை அரை அங்குலச் சதுரமாக வெட்டி விற்கிறார்கள்; ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் அதைத்தான் வாங்குவார்கள். சென்னையில் வாங்க முடியாவிட்டால், இளநீர்க்காரரிடம் காய்ந்த மட்டையைக் கேட்டு வாங்கி, அரிவாளால் நீங்களே நறுக்கலாம். நன்றாகக் காய்ந்த முற்றிய மட்டையாக இருக்க வேண்டும். இளநீர்க் கூடு பச்சையாக இருந்தால் விரைவில் மக்கிக் குழைந்துவிடும்.

பொடியானாலும் துண்டானாலும் அதில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும். எங்கள் தொழிலில் கழுவியதை ‘லோ ஈசி’ (உப்பு குறைந்தது) என்றும் கழுவாததை ‘ஹை ஈசி’ (உப்பு மிகுந்தது) என்றும் பிரித்து விற்போம். கடையில் மலிவாகக் கிடைக்கும் கட்டிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. வெறும் நீரில் அலசினால் கரைந்து நிற்கும் உப்பு போகும். நாரோடு ஒட்டிப் பிடித்திருக்கும் சோடியம் போகாது. அதை வெளியேற்ற, 20 லிட்டர் நீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து, 5 கிலோக் கட்டிக்கு ஈடான நார்க்கழிவை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் இரண்டு முறை நல்ல நீரில் அலசிவிடுவது என் வழக்கம். அலசும் நீரும் முக்கியம். உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருந்தால், எத்தனை முறை அலசினாலும் அந்த அளவுக்குக் கீழே உப்பு இறங்காது. ஆடி, ஆவணியில் வரும் மாலை மழையைப் பிடித்துவைத்து அதில் அலசுங்கள்.

நல்லூர்த் தோட்டம் — ஆகஸ்ட் 13

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கு தும்புத்தூளும் (நீங்கள் சொல்லும் தென்னைநார்க் கழிவு) சிரட்டைக்கரியும் தாராளமாகக் கிடைக்கும். எங்களுக்குச் சிக்கல் கல்லில்தான். குடாநாட்டின் அடியில் இருப்பது முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பதால், உடைத்த கல் என்று எதை வாங்கினாலும் அது சுண்ணாம்பாகவே இருக்கும். கடற்கரை ஊரியும் (சிறு சிப்பி ஓடுகள்) அப்படித்தான். இரண்டு வருடம் அந்தக் கல்லைப் போட்டுவிட்டு, இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் மஞ்சளாகவும் வருவது எதனாலென்று தெரியாமல் திண்டாடினேன். சுண்ணாம்பால் கலவையின் காரத்தன்மை கூடி, இரும்புச்சத்து செடிக்கு எட்டாமற் போனதே காரணம்.

நீங்கள் செங்கல் தேடும்போது இதைக் கவனியுங்கள். இடித்த வீட்டின் செங்கல்லில் பழைய சுண்ணாம்புச் சாந்தோ சீமெந்தோ ஒட்டியிருக்கும். ஒரு துண்டை எடுத்து அதன்மேல் வினாகிரியோ (வினிகர்) எலுமிச்சம் புளியோ சில துளி விடுங்கள். சிறு குமிழிகள் கிளம்பி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்புறப்படுத்திவிடுங்கள்.

பல்லாவரம் கட்டடக்காரர் — ஆகஸ்ட் 13

மிகப் பயனுள்ள குறிப்பு. எங்கள் பகுதியின் ஜல்லிக்கு அந்தக் கவலை இல்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறை சார்னோக்கைட் வகை. அதில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் ஒன்றும் நடக்காது. ஆனால் கட்டடம் நடக்கும் இடத்திலிருந்து மிச்ச மணலை இலவசமாக எடுத்து வருகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதில் சிமென்டு கலந்திருக்கும்.

சிவகங்கைக் கரி — ஆகஸ்ட் 14

கரியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பலருக்குப் பிழைப்பு. அந்தக் கரியின் பெருந்துண்டுகள் மூட்டையாகி வெளியூர் போய்விடும். மூட்டத்தைப் பிரித்த இடத்தில் கிடக்கும் சிறுதுண்டுகள் தொட்டிக்குச் சரியான அளவில் இருக்கும். சென்னையில் விறகுக்கடையிலும், இன்னும் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். கரி எடை குறைந்தது, மக்காதது, செங்கல்லைப் போலவே உள்ளே நுண்துளை உடையது. தூளை மட்டும் அலசிப் போக்கிவிட வேண்டும். இறைச்சி வாட்டுவதற்காக அச்சில் வார்த்து விற்கும் கரிக்கட்டிகள் வேண்டாம். அவை கரித்தூளைப் பசையிட்டு இறுக்கியவை, நனைந்தால் சேறாகிவிடும். நிலக்கரிக் கொதிகலன் கசடைச் சிலர் போடுகிறார்கள். அதில் எந்த உலோகம் இருக்கும் என்று சொல்ல முடியாததால், கீரை, காய்கறித் தொட்டிகளின் பக்கம்கூட அதைக் கொண்டுபோகாதீர்கள்.

வேளச்சேரி மாடி — ஆகஸ்ட் 25

இரண்டு வாரமாக நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு சூளையில் உடைந்த கற்களை மூட்டையாகக் கொடுத்தார்கள். வந்தவுடன், பல நிறத்தில் இருந்த ஆறு துண்டுகளை வாளித் தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் விட்டேன். காலையில் ஐந்து துண்டுகள் போட்டபடியே இருந்தன. வெளிறிய ஆரஞ்சு நிறத்திலிருந்த ஒன்றைக் கையில் எடுத்ததுமே விளிம்பு கரைந்து விரலில் சேறாக ஒட்டியது. அது சரியாக வேகாத கல் என்று புரிந்துகொண்டு, மூட்டையில் அந்த நிறத்தில் இருந்தவற்றை எல்லாம் பொறுக்கி வெளியே போட்டேன். மீதியைக் கோணிக்குள் வைத்துச் சுத்தியலால் உடைத்தோம். கோணி இல்லாமல் உடைத்தால் சில்லு கண்ணில் தெறிக்கும். செய்பவர்கள் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

சலிப்பதற்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கால் அங்குலக் கம்பிவலையை மரச்சட்டத்தில் அடித்துக்கொண்டோம். பொடி நீக்குவதற்குச் சன்னலில் அடிக்கும் கொசுவலைக் கம்பியைப் பயன்படுத்தினேன். அதன் கண் 2 மில்லிமீட்டரைவிடச் சற்றுச் சிறியது என்றாலும் வேலை நடந்தது. எம்-சாண்டில் ஐயா சொன்னபடியே பாதிக்கு மேல் பொடியாகப் போய்விட்டது. சலித்ததைச் சாந்துச்சட்டியில் போட்டு அலசியபோது முதல் தண்ணீர் சாம்பல் நிறப் பால்போல வந்தது. ஐந்தாவது தண்ணீரில்தான் அடி தெரிந்தது. இத்தனை நாள் இதுபோன்ற தூள்தான் என் தொட்டிகளின் துளையை அடைத்துக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

கலவை இது: செங்கல் ஜல்லி 3 பங்கு, பருமணல் 2 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, கரித்துண்டு 1 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கரித்த உமி கிடைக்கவில்லை. மன்னார்குடித் தம்பி சொன்ன ஆலை எங்கள் பக்கத்தில் இல்லை.

பிறகு ஓர் அளவீடு செய்தேன். சரியாக 3 லிட்டர் கொள்ளும் தொட்டியின் துளையை டேப்பால் அடைத்து, ஈரப்படுத்திய கலவையை நிரப்பி, மேல்மட்டத்தில் நீர் மினுங்கும் வரை மெதுவாக ஊற்றினேன். அரை மணி கழித்து டேப்பைப் பிரித்து, ஒரு மணி நேரம் வடிந்த நீரைப் பிடித்து அளந்தேன். வடிந்து வந்த நீரின் இடத்தில் இப்போது காற்று இருக்கிறது என்பதே இதன் கணக்கு. என் பழைய கலவையில் வடிந்தது 210 மில்லி, அதாவது 7 விழுக்காடு. புதிய கலவையில் 840 மில்லி, 28 விழுக்காடு. நம்ப முடியாமல் மூன்று முறை திரும்பச் செய்தேன். பத்து, இருபது மில்லிதான் மாறியது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள் உள்ளன. எடை மிகவும் கூடிவிட்டது; மாடி தாங்குமா? இவ்வளவு விரைவில் வடிந்தால் கத்திரி வெயிலில் என்ன செய்வது?

பல்லாவரம் கட்டடக்காரர் — ஆகஸ்ட் 26

அம்மா, இவ்வளவு பொறுமையாக அளந்து பார்த்தீர்களே, மனம் நிறைந்தது. 25 விழுக்காட்டுக்கு மேல் காற்று இடம் இருந்தால் அடீனியத்துக்கு அது போதும்.

எடையைப் பற்றி: மனிதர் நடமாடும் மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமை என்று வைத்து வடிவமைப்பது நம் நாட்டு வழக்கம். செங்கல்லும் மணலும் நிறைந்த கலவை, நனைந்த நிலையில் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வரும். 15 லிட்டர்த் தொட்டி ஒன்று 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் எட்டுத் தொட்டிகளை நெருக்கி வைத்தாலே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறீர்கள். ஆகவே எல்லாவற்றையும் நடுத்தளத்தில் கூட்டி வைக்காமல், கைப்பிடிச் சுவரை ஒட்டியும், கீழே சுவரோ உத்திரமோ செல்லும் கோட்டின் மேலும் பரப்பி வையுங்கள். பழைய மட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய தளம்) என்றால் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டாமல் வைக்காதீர்கள்.

வெயில் காலத்துக்கு வேறு வழி இல்லை. மே மாதத்தில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தக் கலவையில் அதுதான் நாம் கொடுக்கும் விலை. ஊற்றும் நீரோடு உரமும் ஓடிவிடும். செம்மண்ணைப்போல இது சத்தைப் பிடித்துவைக்காது. ஆகவே மாதம் ஒருமுறை பெருங்கையாக உரமிடுவதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை மிக நீர்த்த உரத்தை ஊற்றிப் பழகுங்கள். வெளியூர் போய்விட்டால் ஊற்ற ஆள் இல்லை என்கிறவர்கள் மணலில் ஒரு பங்கைக் குறைத்து மட்டைத் துண்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

மன்னார்குடி நெல் — ஆகஸ்ட் 26

அக்கா, அடுத்த மாதம் உறவினர் திருமணத்துக்குச் சென்னை வருகிறேன். ஒரு சாக்கு கரித்த உமி கொண்டுவருகிறேன். இரண்டு தொட்டிகளில் மணலுக்குப் பதிலாக அதைப் போட்டுப் பாருங்கள். எடை நன்றாகக் குறையும்.

வேளச்சேரி மாடி — நவம்பர் 28

மழைக்காலம் பாதி கடந்துவிட்டது. செப்டம்பர் இறுதிக்குள், செடி மிஞ்சியிருந்த 23 தொட்டிகளையும் மாற்றிவிட்டேன். தம்பி கொண்டுவந்த உமியில் மூன்று தொட்டிகள். இந்த மாதம் தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தபோது, வேண்டுமென்றே எதையும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு தொட்டியிலும் மேலே நீர் நிற்கவில்லை; ஊற்ற ஊற்ற அடித்துளை வழியாகத் தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தது. மழை விட்டு ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு அடித்தண்டையும் அழுத்திப் பார்த்தேன். 22 செடிகள் கல்லுப்போல இருக்கின்றன.

ஒன்று அழுகிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. துளையை மூட நான் வைத்திருந்த ஓட்டாஞ்சில்லு வளைவாக இல்லாமல் தட்டையாக இருந்ததால், கலவையின் எடையில் அழுந்தித் துளையோடு ஒட்டிக்கொண்டு, மூடி போட்டதுபோல ஆகிவிட்டது. உள்ளே நான்கு விரல் நீர் நின்றது. மற்ற எல்லாத் தொட்டிகளிலும் ஓட்டாஞ்சில்லை எடுத்துவிட்டு, நைலான் கொசுவலைத் துண்டை வைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை 14 முடிந்தது.

உமித் தொட்டிகள் மூன்றும் நலமாக உள்ளன. ஆனால் கலவை ஓர் அங்குலம் இறங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டு மேலே நிரப்ப வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மதுரை மண்தொட்டி — நவம்பர் 29

மகளுக்கு இந்த வாரம் ஒரு புதுச் செடி அனுப்புகிறேன். கலவையை அவளே செய்துகொள்வதாகச் சொன்னாள்; சூளையில் வாங்கிய செங்கல்லில் உங்களிடம் மீதி இருந்தால், தாம்பரத்திலிருந்து வந்து வாங்கிக்கொள்வாள் அம்மா.

வேளச்சேரி மாடி — நவம்பர் 29

சலித்துக் கழுவிய ஜல்லியே ஒரு மூட்டை இருக்கிறது ஐயா. சல்லடைகளையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். எனக்கு இனி அடுத்த ஆவணியில்தான் அவை தேவைப்படும். செங்கல் பொடியை நான் கொட்டவில்லை. என் அம்மா அதில்தான் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவேன் என்று ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்திருக்கிறார்கள்.